பின்பாரம் ஆகாது, தம்பி

வாசகர் கேள்வி: அண்ணா, நாங்கள் டொராண்டோ பக்கம் மார்க்கமில் இருக்கிறோம். இந்த வருடம் ஒரு பழைய கேம்பிங் ட்ரெய்லர் வாங்கினோம். சாமானோடு எடை மேடையில் நிறுத்தியதில் 2,800 பவுண்டு வந்தது. அதில் 310 பவுண்டு ஹிட்ச் (ட்ரெய்லரை வேனோடு கோக்கும் இணைப்பு) மேல் விழுகிறது என்று விற்றவர் சொன்னார். இழுப்பது டொயோட்டா சியென்னா வேன். இழுவை 3,500 பவுண்டு, ஹிட்ச் மேல் 350 பவுண்டு என்று கையேட்டில் இருக்கிறது. ஜூலையில் அல்கான்குவின் பூங்காவுக்குப் போகிறோம். என் சைக்கிள், மனைவியின் எலெக்ட்ரிக் சைக்கிள், பிள்ளைகள் இருவருடையது என்று நான்கு சைக்கிள். ட்ரெய்லரின் பின் பம்பரில் நாலு சைக்கிள் ரேக் ஒன்றை மாட்டிவிடலாம், அரைமணி நேர வேலைதான் என்கிறார் நண்பர். மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள் தம்பி. நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அரைமணி நேர வேலை என்பதும் உண்மைதான், நானே இருபது நிமிடத்தில் மாட்டிவிடுவேன். ஆனால் மாட்டித் தரச்சொல்லிக் கடைக்கு வருகிறவர்களிடம் பதினைந்து வருடமாக முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது அந்த பம்பர். பேருக்குத்தான் பம்பர். பல ட்ரெய்லர்களில் அது நாலு அங்குலச் சதுரக் குழாய், மெல்லிய தகடு, சட்டத்தோடு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். கழிவுநீர்க் குழாயை உள்ளே நுழைத்து வைக்கவும், பின்னால் ஒரு ஸ்டெப்னி டயரைத் தாங்கவும் போட்டது. அதில் நாலு சைக்கிளைத் தொங்கவிட்டால் எடை நேராகக் கீழே இறங்காது, பம்பரையே முறுக்கும். வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் உங்களுக்கு லேசாகக் குலுங்கும், அச்சைத் தாண்டிப் பத்தடி பின்னால் இருக்கும் சைக்கிளோ மேலும் கீழும் குதிக்கும். போகிற வழி முழுக்க அந்தக் குலுக்கல் வெல்டிங்கைத்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை இப்படி ஒரு ட்ரெய்லர் என்னிடம் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பம்பர் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் வலது பக்க வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மெல்லிய கோடாகப் பிளந்து, பிளவுக்குள் துரு ஏறியிருந்தது, அதாவது கிழிய ஆரம்பித்து நாளாகியிருக்கிறது. இடது பக்கம் பாதிக்கு மேல் பிய்ந்துவிட்டது. ரேக் சாய்ந்ததில் கடைசி சைக்கிளின் பின்சக்கரம் சாலையில் உரசிக்கொண்டே வந்து, டயர் தேய்ந்து, ரிம்மும் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. ஓட்டி வந்தவருக்கு எதுவுமே தெரியவில்லை. ட்ரெய்லரின் பின்பக்கம் வேன் கண்ணாடியில் தெரியாதே!

சரி, பம்பரை விட்டுவிட்டு சட்டத்திலேயே நல்ல கனமான ரிசீவர், அதாவது ரேக்கைச் செருகும் குழாய், வெல்டிங் செய்து, அதில் ரேக் மாட்டினால்? இதைத்தான் எல்லோரும் அடுத்துக் கேட்பார்கள். உடையாமல் இருக்கலாம். ஆனால் இரண்டாவது காரணம் அப்படியே நிற்கிறது, எனக்குப் பெரிய பயம் அதில்தான்.

ஊரில் மாட்டுவண்டி பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் அப்பாவைக் கேளுங்கள். வண்டியில் மூட்டை ஏற்றும்போது வண்டிக்காரர் அடிக்கடி ஏர்க்காலைத் தூக்கிப் பார்ப்பார். மூட்டை முன்னால் அதிகமானால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தில் உட்கார்ந்து அழுத்தும். பின்னால் அதிகமானால் பின்பாரம், நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், மேடேறும்போது மாடு திணறும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி ஒழுங்காகப் போகும். நாங்கள் கடையில் டங் வெயிட் என்று சொல்வது இந்த முன்பாரத்தைத்தான். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல் விழவேண்டும். உங்களுடையது 2,800-க்கு 310, அதாவது 11 சதவீதம். அருமையான அளவு.

இப்போது நண்பர் சொன்னபடி மாட்டிப் பார்ப்போம். எலெக்ட்ரிக் சைக்கிள் 55 பவுண்டு, உங்களுடையது 32, பிள்ளைகளுடையது 28-ம் 25-ம் என்று வைத்துக்கொண்டால் 140. ரேக் ஒரு 50. ஆக 190 பவுண்டு. உங்கள் ட்ரெய்லர் அளவுக்கு அச்சிலிருந்து ஹிட்ச் பந்து சுமார் 13 அடி, பின் பம்பர் 8 அடி, சைக்கிள்களின் நடுப்பகுதி அதற்கும் 2 அடி பின்னால், மொத்தம் 10 அடி இருக்கும். 190-ஐ 10-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் 146. அவ்வளவு எடையை அது ட்ரெய்லரின் மூக்கிலிருந்து, அதாவது ஹிட்ச் பந்தில் உட்காரும் முன்முனையிலிருந்து, தூக்கிவிடும். 310-ல் 146 போனால் மிச்சம் 164. மொத்த எடையோ 2,990 ஆகிவிட்டது. 11 சதவீதமாக இருந்த முன்பாரம் ஐந்தரைக்கு வந்துவிட்டது!

அது என்ன செய்யும் என்றால், 400-ம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி உங்களைத் தாண்டும்போது வரும் காற்றடி போதும், ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். முதல் ஆட்டம் சின்னது. அடுத்தது அதைவிடப் பெரியது. மூன்றாவதில் வேனின் பின்சக்கரங்களையே பக்கவாட்டில் இழுக்கும். நம் கை தன்னால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கும், கால் தன்னால் பிரேக்குக்குப் போகும், இரண்டுமே தப்பு. எப்போதாவது இப்படி ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வேன் பிரேக்கைத் தொடாமல், ட்ரெய்லர் பிரேக்கை வேனிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரில் உள்ள நெம்புகோலைக் கையால் தள்ளி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். வேனுக்குள் அந்தக் கன்ட்ரோலர் பொருத்தியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் சைக்கிள் கதையை விடுங்கள், முதலில் அதைப் பொருத்துங்கள். ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டாலே ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2,990 பவுண்டு என்பது 1,356 கிலோ. பிள்ளை ஒரு டம்ப்பெல்லை உள்ளே போட்டால் தாண்டிவிடும்.

அப்படியானால் ரேக்கை முன்னால், ட்ரெய்லரின் மூக்கில், கேஸ் சிலிண்டருக்கு மேலே மாட்டினால் முன்பாரம் கூடுமே, நல்லதுதானே என்று தோன்றும். பெரிய பிக்கப் வைத்திருப்பவருக்கு நானே அதைச் சொல்வேன். உங்களுக்கு ஆகாது, காரணம் அந்த 350. பிள்ளைகளின் சைக்கிள் இரண்டு மட்டும், 53 பவுண்டு, ரேக் 30 என்று வைத்தாலும், அதே பத்தடி, பதின்மூன்றடி கணக்கில் மூக்கில் 64 கூடி 374 ஆகிறது, வரம்பைத் தாண்டிவிட்டது. அது போக, வேன் திரும்பும்போது, அதிலும் பின்னால் எடுத்துத் திருப்பும்போது, ஹாண்டில்பார் வேனின் பின்கண்ணாடியைத் தொட எவ்வளவு நேரமாகும்? பின்கதவைத் திறக்கவும் முடியாது, சாப்பாட்டுப் பெட்டி அங்கேதான் இருக்கும்.

வேனுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் ஹிட்சை நீட்டி, அதில் ரேக்கையும் மாட்டி, பின்னால் ட்ரெய்லரையும் கோக்கிற ஒரு சாமான் விற்கிறார்கள். ஹிட்சை நீட்ட நீட்ட அது தாங்கும் அளவு குறையும். உங்கள் வேனுக்கு அது வேண்டாம், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்போது எங்கேதான் வைப்பது? நானாக இருந்தால் பிரித்து வைப்பேன். பிள்ளைகளின் சைக்கிள் இரண்டும் வேன் கூரை மேல். உங்களுடையதும் மனைவியுடையதும் ட்ரெய்லருக்குள்ளே, அச்சுக்கு நேர் மேலே.

உள்ளேயா, படுக்கையெல்லாம் அழுக்காகுமே என்று வீட்டில் முதலில் ஒரு குரல் வரும். வரட்டும். பழைய ஜமக்காளம் ஒன்றை விரித்துவிடுங்கள். ட்ரெய்லர் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் சக்கரம் எங்கே என்று தெரியும், அதற்கு நேரே உள்ளே தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், அந்த இடம்தான். அங்கே எடை வைத்தால் முன்பாரம் கிட்டத்தட்ட மாறாது. எலெக்ட்ரிக் சைக்கிளின் பேட்டரியைக் கழற்றினால் ஏழு பவுண்டு போகும், மிச்சம் 48-ம் உங்கள் 32-ம் சேர்ந்து 80. மொத்தம் 2,880-க்கு 310, பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவு. இதுதான் நமக்கு வேண்டியது.

பெடலைக் கழற்றிவிட்டால் பாதி இடம் மிச்சமாகும், சோபாவும் கிழியாது. 15-ம் நம்பர் ஸ்பானர் போதும். இடது பெடலுக்கு மறை தலைகீழ், அதை மறந்துவிட்டு மூச்சைப் பிடித்து இறுக்கிக்கொண்டே இருப்பவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். ஸ்பானரை மேல்நோக்கி நிற்கவைத்து, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழன்றுவரும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். முன்சக்கரத்தையும் எடுப்பதானால், டிஸ்க் பிரேக் வண்டியில் பேட் இரண்டுக்கும் நடுவில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் யாராவது தெரியாமல் பிரேக்கைப் பிடிப்பார்கள், பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அங்கே போய் சக்கரத்தை மாட்ட முடியாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருப்பீர்கள். படுக்கவைப்பதாக இருந்தால் செயின் பக்கம் மேலே இருக்கவேண்டும்.

கட்டுவதற்கு கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம், அது இழுபடும், சைக்கிளும் அதோடு நகரும். கேம் பக்கிள் வைத்த நாடா வாங்குங்கள், கையால் இழுத்தால் இறுகும், அந்த அளவு இறுக்கம் போதும். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் ராட்செட் சைக்கிள் குழாயை நசுக்கிவிடும். சாப்பாட்டு மேசையின் காலில் கட்டாதீர்கள், அது பெரும்பாலும் தரையில் சும்மா செருகி நிற்பது. இருக்கையின் அடிச்சட்டத்தில் கட்டலாம். அப்புறம், பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும் என்ற யோசனை வந்தால் (ஒருவர் உண்மையிலேயே கேட்டார்), ஒன்டாரியோவில் ஓடும் கேம்பிங் ட்ரெய்லருக்குள் யாரும் இருக்கக்கூடாது, அது சட்டம்.

பேட்டரியை வேனுக்குள் வையுங்கள், கண்ணாடி வழியாக வெயில் விழாத இடத்தில். முனைகள் எதன் மேலும் உரசாதபடி துணியில் சுற்றுங்கள். சாவியை மறக்காதீர்கள், சாவி வீட்டில் இருந்தால் பேட்டரி இருந்தும் பயனில்லை.

கூரைக்கு வருவோம். வேன் கூரையில் நீளவாக்கில் தண்டு இருந்தால்தான் இந்த வழி, இல்லையென்றால் அதற்கான பொருத்தி தனியாக வாங்கவேண்டும். குறுக்குக் கம்பி, சைக்கிளைத் தாங்கும் இரண்டு தட்டு, இரண்டு சைக்கிள் எல்லாம் சேர்ந்து நூறு பவுண்டுக்கு அருகே வரும், கூரை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். எலெக்ட்ரிக் சைக்கிளைக் கூரையில் ஏற்ற வேண்டாம், இடுப்புக்கு ஆகாது, பல தட்டுகளுக்கும் ஆகாது. தண்ணீர் பாட்டில், பம்ப், கூடை, மணி எல்லாவற்றையும் கழற்றி உள்ளே போடுங்கள். மழை வருமே என்று முழு சைக்கிளுக்கும் தார்ப்பாய் சுற்றுவார்கள் சிலர், அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். சீட்டுக்கு மட்டும் ஒரு மளிகைப் பை கட்டினால் போதும். நாடாவைக் கட்டும்போது ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள், தட்டையாக விட்டால் வழி முழுக்க ஊம் என்று தலைக்கு மேலே பாடிக்கொண்டே வரும்.

கூரை சைக்கிளுக்கு ஆபத்து நெடுஞ்சாலையில் குறைவுதான். என் கையால் சரிசெய்த கூரை விபத்துகளில் முக்கால்வாசி வீட்டு வாசலில் நடந்தவை. ஆறு மணி நேரம் ஓட்டி, ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, களைப்பில் ரிமோட்டை அழுத்தி, கராஜ் கதவு திறந்ததும் பழக்கதோஷத்தில் உள்ளே விடுவார்கள். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர் மறக்கமாட்டார். நானும் கேட்டிருக்கிறேன், என் மகளின் முதல் கியர் சைக்கிள் அது. அதனால் கராஜ் ரிமோட்டை சைக்கிள் ஏற்றிய அன்றே எடுத்து சமையலறை டிராயரில் போட்டுவிடுங்கள். வேனின் உயரத்தை சைக்கிளோடு அளந்து, ஒரு டேப்பில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். கேம்ப் இடத்தில் தாழ்ந்த கிளைகளும் இருக்கும்.

என்றைக்காவது ட்ரெய்லர் இல்லாமல் வேனின் பின்னால் ரேக் மாட்டினால் இன்னொன்று பார்க்கவேண்டும், சைலன்சர் வாய்க்கு நேரே டயர் வரக்கூடாது. சூட்டில் ரப்பர் இளகி வெடித்துவிடும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக்கூடாது, பின்னால் 1.5 மீட்டரோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புக் கொடி கட்டவேண்டும்.

விற்றவர் சொன்ன 310-ஐ அப்படியே நம்பவேண்டாம், வீட்டிலேயே அளந்துவிடலாம். குளியலறை எடை மெஷின் ஒன்று, உறுதியான மரச்சட்டம் ஒன்று, செங்கல் ஒன்று. சட்டத்தின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை மெஷின் மேல், இரண்டு தாங்கலுக்கும் நடுவே சரியாக மூன்றடி, சட்டம் மட்டமாக இருக்கட்டும். ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, செங்கல் பக்கத்திலிருந்து ஓரடியில் மூக்கு உட்காரும்படி ஜாக்கை மெல்ல இறக்குங்கள், மூக்கு இழுக்கும்போது இருக்கும் உயரத்திலேயே இருக்கவேண்டும், உயரம் போதவில்லை என்றால் நடுவில் கட்டை அடுக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் அதுதான் டங் வெயிட். 103 காட்டினால் 310 சரி. இதைச் சைக்கிள், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றியபிறகு செய்யவேண்டும், காலி ட்ரெய்லரை அளந்து பயனில்லை. தண்ணீர்த் தொட்டியும் போகும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். என்னைக் கேட்டால் அதைக் காலியாகவே கொண்டுபோங்கள், லிட்டருக்கு ஒரு கிலோ, பூங்காவில் தண்ணீர் இருக்கிறது. ஓட்டுநர் கதவோரத்தில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இந்த 310-ம் கூரை எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். நாலு பேரும் ஐஸ் பெட்டியும் ஏறினால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கிளம்பி இருபது கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி நாடாக்களைத் தொட்டுப் பாருங்கள், முதல் அரைமணியில்தான் எல்லாம் தளரும். அப்புறம் பேரி, ஹண்ட்ஸ்வில் என்று நிறுத்துகிற இடமெல்லாம். ஹண்ட்ஸ்வில்லில் 60-ம் சாலைக்குத் திரும்பியபிறகு ஏற்றமும் இறக்கமும் வளைவுமாக இருக்கும், பின்னால் வண்டி சேர்ந்தால் ஓரம் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, மனைவியிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், என் பெயரை இழுக்காதீர்கள். அந்த எலெக்ட்ரிக் சைக்கிள் வரத்தான் வேண்டுமா? அல்கான்குவினில் பிள்ளைகளோடு ஓட்ட ஏற்றது பழைய ரயில்பாதைத் தடம், கேஷ் லேக்கிலிருந்து மியூ லேக் பக்கமாக ராக் லேக் வரை சுமார் 16 கிலோமீட்டர். 1890-களில் மரம் ஏற்றிப்போகப் போட்ட ஒட்டாவா, ஆர்ன்பிரையர், பாரி சவுண்ட் ரயில்பாதை அது, தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். ரயில் ஏறுகிற அளவுக்குத்தானே மேடு வைத்திருப்பான், மோட்டார் இல்லாமலே போகலாம். அவருக்கு ஒரு சாதாரண சைக்கிள் இரவல் கிடைத்தால் உள்ளே ஏற்றும் எடை குறையும், பேட்டரி கவலையும் இல்லை. கிடைக்காவிட்டால் மேலே சொன்னபடியே போங்கள்.

மெஷினில் வந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். மூன்றால் பெருக்கி 288-க்குக் கீழே, அதாவது 2,880-ல் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்தால் கிளம்பாதீர்கள், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து அனுப்பினால் எதை முன்னால் தள்ளுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.